பழைய கார் இன்ஜின்: வாங்குவோரும் விற்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகிய மூன்றும் தயாரிப்பிலிருந்து போய்விட்டன. சென்னையிலேயே உருவான ஹெரால்டு மூன்றிலும் அரிதாகிவிட்டது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடருக்கு மட்டும் உதிரிபாகங்கள் ஓரளவு தாராளமாகக் கிடைக்கின்றன. இந்தக் கார்களை மீட்டெடுப்பவர்கள் கடைசியில் சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் தரையில் கிடக்கும் இன்ஜின்களையும், ஏதோ ஒரு கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் இன்ஜின்களையுமே நம்ப வேண்டியிருக்கிறது. அங்கே பேரம் பெரும்பாலும் ‘ரன்னிங் கண்டிஷன்’ என்ற இரண்டு சொற்களில் தொடங்குகிறது. பெரிய தவறும் அங்கேதான் தொடங்குகிறது.

ஓடுகிறது என்பதற்காக ஓர் இன்ஜினுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. மீட்டெடுக்கும் காரில் ஏற்றுவதற்கு முன் அதை எப்படியும் முழுமையாகப் பிரித்தாக வேண்டும். பிரித்த பிறகு மீண்டும் பயன்படக்கூடிய உலோகம், சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கிலும் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கிலும் மேல்மூடியான ஹெட்டிலும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதே உண்மையான மதிப்பு. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டரின் மூல விட்டம் (‘போர்’) 73.025 மி.மீ. தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சீராக்கும் போரிங்கை ஒவ்வொரு முறை செய்யும்போதும் அது அகன்றுகொண்டே போகும். பட்டறையில் 20, 40, 60 என்று சொல்லப்படுவது, அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு அகன்றிருக்கிறது என்பதையே குறிக்கும். 60-ஐத் தொட்ட பிளாக்குக்கு அடுத்த வழி, சிலிண்டருக்குள் புதிய உலோகக் குழாயைச் செருகும் ஸ்லீவ் போடுவதுதான். கிராங்க் இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு முறை கிரைண்டிங் செய்யும்போதும் 10, 20, 30 என்று மெலிந்துகொண்டே வரும். ஆகவே, 60 போரும் 30 கிராங்கும் கொண்டு இனிமையாக ஓடும் இன்ஜினைவிட, பல ஆண்டுகள் சும்மா கிடந்து இறுகிப்போன, ஆனால் ஸ்டாண்டர்ட் அளவிலேயே (ஒருமுறைகூட போரிங்கோ கிரைண்டிங்கோ செய்யாமல் மூல அளவிலேயே) இருக்கும் இன்ஜினுக்கே நான் அதிக விலை கொடுப்பேன். ஹெட்டைக் கழற்றினால் ஓவர்சைஸ் எண் பெரும்பாலும் பிஸ்டனின் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங்கை எடுத்துப் பார்த்தால், அதன் முதுகில் கிராங்கின் அளவு தெரியும். போர் கேஜ் வைத்து அளக்க லேத் பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது இன்னும் நல்லது.

ஓடும் இன்ஜினை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நீங்கள் போய்ச் சேரும்போது அது குளிர்ந்திருக்கிறதா என்று முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் குணமும், முதல் சில நிமிடங்களில் வரும், எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் உங்கள் பார்வைக்கு வராது. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய் தேனைப்போல் கெட்டியாக இருந்தால், புகையையும் சத்தத்தையும் அடக்குவதற்கென்றே அது ஊற்றப்பட்டிருக்கலாம்.

ஹெரால்டு இன்ஜினில் பலர் பார்க்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. அந்த 948 சி.சி. இன்ஜினில் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை, கிராங்கைத் தாங்கும் பின்பக்க மெயின் பேரிங்கை ஒட்டி நிற்கும் அரைவட்ட வடிவமான த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் இவற்றின் மீதுதான் விழுகிறது. தேய்ந்து மெலிந்த வாஷர் ஒருநாள் தன் இடத்தைவிட்டு நழுவி சம்ப்பில் விழுந்துவிடும். அதன் பிறகு கிராங்க் நேரடியாக பிளாக்கின் மீது உராயத் தொடங்கும். வாஷர் சிறு தொகைக்குக் கிடைக்கும். அறுபட்ட பிளாக்கைச் சரிசெய்வது அப்படியல்ல, சில நேரங்களில் சரிசெய்யவே முடியாது. சோதனை மிக எளிது. இன்ஜின் காரில் இருந்தால், ஒருவர் கிளட்சை மிதித்து விடும்போது முன்பக்க கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது முன்னும் பின்னும் நகர்ந்தால் பேரத்தை அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்ஜின் தரையில் இருந்தால், புல்லியின் பின்னால் ஒரு நெம்புகோலைக் கொடுத்து லேசாக நெம்பினாலே தெரிந்துவிடும். பிளாக் அறுபடவில்லை என்று சம்ப்பைத் திறந்து காட்ட விற்பவர் தயாராக இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசலாம்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. அது கோளாறே அல்லாததைக் கோளாறாக எண்ணி நல்ல இன்ஜினைக் கைவிடுவது. அம்பாசடர் இன்ஜினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டப்பட்ட திருகுப் பள்ளம்தான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அங்கே ஓரிரு சொட்டுக் கசிவது அதன் பிறவிக் குணம். தரை நனையும் அளவுக்கு வழிந்தால் மட்டும், பிஸ்டன் ரிங் தேய்ந்து இன்ஜினுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா, மெயின் பேரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பத்மினியின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. கூலன்ட் ஊற்றாமல் ஆண்டுக்கணக்கில் உப்புத் தண்ணீரிலேயே ஓடிய வண்டிகளில், தண்ணீர்த் துளைகளைச் சுற்றி ஹெட் அரிக்கப்பட்டிருக்கும். அதை மறைக்கத் திரும்பத் திரும்ப முகத்தைச் செதுக்கிச் சமமாக்கும் ஃபேஸிங் செய்யப்பட்டிருந்தால் ஹெட்டின் கனம் குறைந்திருக்கும். கேஸ்கட் படும் முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல ஹெட் ஒன்றின் கனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரும்பைப் பார்த்து முடித்ததும் எண்ணைப் பார்க்க வேண்டும். இன்ஜின் எண் தேய்க்கப்பட்டோ மீண்டும் பொறிக்கப்பட்டோ இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டியின் இன்ஜினை வைத்திருந்த பழி, அதை விலை கொடுத்து வாங்கியவர் மீதுதான் வரும். முறையான இன்ஜினாகவே இருந்தாலும், மாற்றிய பிறகு புதிய எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வழியாக ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு ரசீது கட்டாயம் வேண்டும். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவிலேயே பராமரிக்கப்படும் வண்டிக்கு, 20,000 ரூபாய் கட்டணத்தில் ‘வி.ஏ.’ வரிசைப் பதிவு கிடைக்கும். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அந்தத் தகுதி போய்விடும். டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றிய அம்பாசடர்கள் ஏராளம். அப்படி இறக்கப்பட்ட இன்ஜின் இன்னும் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறதென்றால், அந்தக் காரின் பழைய ஆர்.சி. நகலோடு சேர்த்துக் கொடுக்கும்போது அதற்குக் கிடைக்கும் விலையே வேறு. காரையும் இன்ஜினையும் தனித்தனி ஆட்களுக்கு விற்பவர்கள் இரண்டிலும் நட்டப்படுகிறார்கள்.

விலை சொல்வதில் இன்னொரு மயக்கம், வெளிநாட்டு விலையை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது. பிரிட்டனின் எம்.ஜி.ஏ. காரில் முதலில் இருந்ததும் அம்பாசடர் இன்ஜினின் அதே குடும்பத்தைச் சேர்ந்த 1489 சி.சி. இன்ஜின்தான் என்பது உண்மை. ஆனால் கார்புரேட்டர், மேனிஃபோல்டு என்று அந்த ஸ்போர்ட்ஸ் காரை ஸ்போர்ட்ஸ் காராக்கிய பாகங்கள் அம்பாசடரில் இல்லை. ஆகவே அந்த விலையை இதற்குக் கேட்பது வாங்க வந்தவரை விரட்டுவதற்கே உதவும். விளம்பரத்தில் கேட்கப்படும் விலைக்கும் கை மாறும் விலைக்கும் உள்ள இடைவெளியையும் மறந்துவிடக் கூடாது.

விற்பவர்கள் செய்யும் தவறுகளில் மிகவும் வருந்தத்தக்கது, பெரிய பாகங்களை எடுத்துவைத்துக்கொண்டு ‘சில்லறை’ என்று தோன்றுவதையெல்லாம் காயலான் கடையில் எடைக்குப் போடுவது. பிஸ்டனும் ரிங்கும் ஏதாவது ஒரு வழியில் கிடைத்துவிடும். ஏர் கிளீனர் டப்பா, டைனமோவைத் தாங்கும் பிராக்கெட், புல்லி, மூல போல்ட்டுகள் ஆகியவைதான் கிடைப்பதில்லை. ஹெரால்டுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். லூகாஸ் டி.வி.எஸ். டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவற்றை அவற்றின் பெயர்ப் பட்டையோடு, துடைத்து மட்டும் வைத்தால் போதும். பெயின்ட் அடிப்பது விலையைக் கூட்டாது. எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகத்தையே கூட்டும். ஸ்பார்க் பிளக் துளைகளைத் திறந்தே விட்டு ஒரு மழைக்காலம் வெளியில் போட்டுவைத்தால், ஸ்டாண்டர்ட் அளவில் இருந்த சிலிண்டர் துருப்பிடித்து அடுத்த போரிங்குக்குப் போய்விடும். ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது இன்ஜின் ஆயிலை விட்டு, பழைய பிளக்கையே மாட்டி மூடிவைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று வரும் பாகங்களில், துருப்பிடிக்காத பேரிங்கை நம்பலாம். ஆயில் சீலையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் நம்ப முடியாது. பெட்டிக்குள் இருந்தபடியே ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

மதிப்பிடும்போது, முழுமையாக வேலை செய்து புதுப்பிக்கப்பட்ட அதே வகை இன்ஜின் உங்கள் ஊரில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, அதிலிருந்து போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, பாகங்கள், கூலி ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவதே நீங்கள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை. திறந்து பார்க்காமல் முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். முன்பணம் கொடுத்து, ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றிப் பார்க்கும் செலவையும் புதிய கேஸ்கட்டின் விலையையும் வாங்குபவரே ஏற்பதாகச் சொன்னால், நேர்மையாக விற்பவர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். போர் எந்த அளவைத் தாண்டியிருந்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்பதை, இன்ஜின் எண்ணோடு சேர்த்து அந்த ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.