மேளகர்த்தா வகுப்பு எடுக்கும் புது விரிவுரையாளருக்கு

முதல் நாளே 72 மேள (ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராக) அட்டவணையைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். மாணவர்கள் படியெடுப்பார்கள், அவ்வளவுதான். ரி-க ஜோடி ஆறையும் த-நி ஜோடி ஆறையும் அவர்களையே பாடிக் கண்டுபிடிக்க விடுங்கள். 6 × 6 = 36 சுத்த மத்தியம (தாழ்ந்த ‘ம’) மேளம்; பிரதி மத்தியமத்தில் (உயர்ந்த ‘ம’) இன்னொரு 36.

வகுப்பு சறுக்குவது கடபயாதியில், அதாவது ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எண்ணாக்கி, திருப்பிப் போட்டு மேள எண்ணைக் காணும் முறையில். வடமொழியில் ‘க’ வர்க்கத்தில் நான்கு ‘க’; தமிழில் ஒரே ‘க’தான். கரகரப்ரியாவைத் தமிழில் எழுதி க=1, ர=2 என்று வைத்துத் திருப்பினால் 21 வரும். கீரவாணிக்கும் 21! மாணவன் குழம்புவதில் தப்பே இல்லை. கரகரப்ரியாவின் முதல் எழுத்து வர்க்கத்தின் இரண்டாவது ‘க’, மதிப்பு 2. அதனால் விடை 22. எனவே க1, க2, க3, க4 என்று எண் போட்டே எழுதிப் பழக்குங்கள்; ச, ட, த, ப வர்க்கங்களுக்கும் அப்படியே. கூட்டெழுத்துக்கு ஒரே விதி சொல்லிவிடாதீர்கள்: சக்ரவாகத்தில் (16) ‘க்’ கணக்கு, ஷண்முகப்ரியாவில் (56) ‘ம’ கணக்கு.

எண்ணிலிருந்து ஸ்வரம் எடுக்க, முதலில் 1 கழித்துவிட்டு 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 29 என்றால் 28 ÷ 6: ஈவு 4, மீதி 4. இரண்டோடும் 1 கூட்டினால் ஐந்தாம் சக்கரம் (ஆறு மேளம் கொண்ட தொகுதி), அதில் ஐந்தாம் மேளம்: சதுச்ருதி ரி, அந்தர க, சதுச்ருதி த, காகலி நி. சங்கராபரணம். கழிக்க மறந்தவர் 30-ஐ ஆறாம் சக்கரத்தில் தள்ளிவிடுவார். 36-க்கு மேல் வந்தால் முதலில் 36-ஐக் கழித்துவிடுங்கள்.

தேர்வில் எண்ணை மட்டும் கேட்காமல் ஆரோகணத்தைப் பாடவும் சொல்லுங்கள்.