பட்டியல் முடியும்வரை வாய்க்குப் பூட்டு

போன வாரம் என்னிடம் வந்த ஜோடிக்குக் கல்யாணத் தேதி முடிவாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மண்டபம் பார்க்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை அலுவலகத்தில் ஒரு தளத்தையே கூப்பிட்டு முடித்திருந்தார். எரிச்சல் வந்தது. என் தங்கை கல்யாணத்தில் நானும் இதையேதான் செய்தேன்.

பத்திரிகையில் எழுத்துப்பிழை, முகவரிக் குழப்பம் எல்லாம் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். வாயால் கூப்பிட்டுவிட்டுப் பத்திரிகை தராமல் விட்டதை மறக்கமாட்டார்கள்.

வாய் தவறிய அழைப்பு

"நீங்க இல்லாம கல்யாணமா!" சொன்னவருக்கு அது உபசாரம், கேட்டவருக்கு அழைப்பு. 150 பேர் உட்காரும் மண்டபம் என்று வையுங்கள். மணமக்களும் இரு வீட்டுப் பெற்றோரும் ஆளுக்கு 8 பேரிடம் இப்படிச் சொன்னால் 48 பேர். துணையோடு வந்தால் 96. மிச்சம் 54 இடத்தில் இரண்டு குடும்பத்து உறவையும் அடைக்க வேண்டும்.

தங்கை கல்யாணத்தின்போது நான் இப்படிச் சொன்னது பழைய சக ஊழியர் ஒருவரிடம், பேருந்து நிறுத்தத்தில். பட்டியலைச் சுருக்கியபோது அவர் பெயர் போய்விட்டது. அவரோ விடுப்பு எழுதிக்கொடுத்து, பரிசும் வாங்கி வைத்துவிட்டு, "பத்திரிகை இன்னும் வரலையே" என்று போன் செய்தார். தபாலில் தொலைந்திருக்கும் என்று புளுகினேன். அவரைச் சேர்த்ததும் அதே பிரிவில் இன்னும் நாலு பேருக்குத் தெரிந்தது. கடைசி நேரத்தில் கூட்டிய சாப்பாட்டுக்குக் கூடுதல் விலை. அவர் வந்தார், சாப்பிட்டார். அதற்குப் பிறகு பழைய பேச்சு இல்லை.

முதலில் இடம், பிறகு எண்ணிக்கை, பிறகு இரு வீட்டுப் பங்கு, அப்புறம்தான் பெயர்கள். அதுவரை யார் கேட்டாலும் "தேதி வச்சாச்சு, பட்டியல் இன்னும் போடல" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் இந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுங்கள், அவர்கள்தான் அதிகம் உளறுவார்கள். சொல்லியே விட்டீர்களா? இடம் கொடுங்கள். திரும்பப் பெற வழியில்லை. அந்த மாப்பிள்ளை இப்போது யார் யாரிடம் சொன்னோம் என்று உட்கார்ந்து எழுதுகிறார். நேற்றுவரை 37.

குழுவில் பாதி

எட்டுப் பேர் கொண்ட நட்புக் குழுவில் ஆறு பேரை மட்டும் அழைக்காதீர்கள். ஓரிருவர், இல்லையென்றால் எல்லோரும்.

குழந்தைகள்

வேண்டாமென்றால் யாருக்கும் வேண்டாம். "குடும்பத்துடன்" என்று போட்டுவிட்டு அப்புறம் முகம் சுளிக்காமல், வரவேண்டியவர்கள் பெயரையே எழுதுங்கள்.

பணம் தரும் பெரியவர்

வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்: இதோடு எத்தனை பெயர் வருகிறது?

பதில் சொல்லாதவர்கள்

சமையல்காரரிடம் எண்ணிக்கை சொல்லும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே கெடு வையுங்கள். கெடு தாண்டினால் போன், குறுஞ்செய்தி அல்ல.

பரிசு

என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.