"வாங்க" யாருக்கு, "வா" யாருக்கு? இளம் மருத்துவர்களுக்குச் சமநீதி கற்பிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டுப் பேச்சுக்குத் தமிழ்நாடு முழுக்க மரியாதையான பேச்சு என்று பெயர். இங்கே சின்னக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிடுவோம். அதே ஊரில் ஒரு நாள் காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் ஏதாவது ஒரு வார்டில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவரிடம் "இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்கும் அதே வாய், அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் துப்புரவுத் தொழிலாளியிடம் "என்ன, மாத்திரை போட்டியா?" என்று கேட்கும். இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான் இருக்கும்.

எந்த வகுப்பிலும் யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சீனியருக்குப் பின்னால் நின்று மாணவர்கள் தாமாகக் கற்றுக்கொள்கிறார்கள். சமூக மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் என்னைப் போன்றவர்கள் செய்யும் முதல் தவறும் இங்கேதான் இருக்கிறது: இது வகுப்பறையில் முடிகிற பாடம் என்று நினைத்துவிடுகிறோம். 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களில் தொடங்கி மனப்பான்மை, நெறிமுறை, நோயாளியிடம் பேசும் முறை எல்லாம் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. பிறகு கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கும் திட்டமும் வந்தது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் இரண்டு மணி நேரம் வகுப்பில் சொன்னதை வார்டில் ஒரு பேராசிரியரின் ஒற்றை "ஏய்" அழித்துவிடும். அதனால் முதலில் திருந்த வேண்டியது ஆசிரியரின் நாக்கு.

என் ரவுண்ட்ஸில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். "அந்த ட்ரைபல் கேஸ்", "மூணாம் பெட் டி.பி." என்று யாரும் தொடங்கக் கூடாது. நோயாளியின் பெயரையும் அவர் செய்யும் வேலையையும் சொல்லிவிட்டுத்தான் நோய்க்குப் போக வேண்டும். வேலையைக் கேட்பது மரியாதைக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளியிடம் அவர் என்ன தொழில் செய்கிறார் என்றும் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-லேயே எழுதினார். நம் பஞ்சாலைகளுக்கு அதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகுகிறது, வாரம் போகப் போகக் குறைகிறது என்று ஒரு பெண் சொன்னால், அது பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் தொடக்கமாக இருக்கலாம். வேலையைக் கேட்காதவர் "வீசிங்" என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். அவளும் அதே தூசிக்குத்தான் திரும்பிப் போவாள்.

அடுத்தது, நல்ல மனதோடு சொல்லப்படுவதாலேயே திருத்தக் கடினமான தவறு. "நாங்க சாதி, மதம் எதுவும் பாக்கறதில்லீங்க, எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான்." மாணவர்கள் இதை உண்மையாகவே நம்பிச் சொல்கிறார்கள், அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினால் எல்லோருக்கும் ஒரே பலன் கிடைத்துவிடாது. பொள்ளாச்சி டவுனிலிருந்து வந்தவரையும் வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வந்தவரையும் ஒரே சாயங்காலம் டிஸ்சார்ஜ் செய்து, "மூணு நாள் கழிச்சு வாங்க" என்று ஒரே வார்த்தை சொல்லி அனுப்புகிறோம். ஒருவருக்கு அது டவுன் பஸ். இன்னொருவருக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் இன்னொரு நாள் கூலி. தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 வளைவு இறங்கி வருபவருக்கும் இதே கதைதான். அவர் வராமல் போனால் கேஸ் ஷீட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுகிறோம். மாணவரிடம் அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள். "ஏன் வரலை?" என்ற அதட்டலுக்குப் பதிலாக "வர்றதுக்கு எதுங்க தடையா இருந்துச்சு?" என்று கேட்கப் பழக்குங்கள். மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க முடியுமா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க முடியுமா என்ற யோசனை அந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கும்.

கருவிகளும் இப்படித்தான். கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் எண்ணை நம்பித்தானே முடிவெடுத்தோம்? 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். கருவி யாரிடமும் பாரபட்சம் காட்ட நினைக்கவில்லை, ஆனாலும் தோலின் நிறம் அதை ஏமாற்றியது. வெயிலில் கறுத்த கைகளைத் தினமும் பிடித்துப் பார்க்கும் நம் மாணவர்களுக்கு இது அவசியம் தெரிய வேண்டும். "எல்லாரும் ஒண்ணுதான்" என்ற நினைப்பிலிருந்து அவர்களை அசைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

திருப்பூர்ப் பக்கம் அடிக்கடி நடக்கும் ஒன்று. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடியா பேசும் பெண்ணுக்கு மொழிபெயர்க்க, அவளைக் கூட்டிவந்த சூப்பர்வைசரையே பிடித்துக்கொள்கிறோம். கர்ப்பமோ காசநோயோ, அவளைப் பற்றிய செய்தி அவளுக்கு முன்னால் அவள் வேலையை முடிவு செய்பவரின் காதுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் வராது. சூப்பர்வைசரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவள் நம்புகிற வேறு ஒருவரைப் போனில் பிடித்தாவது பேச மாணவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

வகுப்புக்குள்ளேயும் காயப்படுத்துகிறோம். சாதியைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஒரு குறிப்பிட்ட மாணவர் பக்கம் திரும்பி "நீ சொல்லுப்பா, உங்க ஊர்ல எப்படி?" என்று கேட்காதீர்கள். 2009-இல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீட்டிலோ, 2020-இல் வந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதத்திலோ படிக்க வந்த பிள்ளை டாக்டராக வந்திருக்கிறது. தன் சமூகத்துக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. "கட்-ஆஃப் எவ்வளவு?", "எந்த ஊருங்க, குலதெய்வம் எது?" என்ற விசாரிப்புகள் எதற்கு என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும்.

அப்புறம், துணை நிற்பது என்றால் முகாம் போட்டுப் படம் எடுப்பது என்று மாணவர்கள் புரிந்துகொள்ளும்படி விட்டுவிடுகிறோம். ஆனைகட்டிப் பக்கத்து இருளர் ஊருக்குப் போனால் முதலில் ஊர்த் தலைவரான மூப்பனிடமும் பெண்களிடமும் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் நோய்க்கு ரத்தம் எடுத்துவிட்டு முடிவைச் சொல்லத் திரும்பிப் போகாமல் இருப்பது பெரும் பிழை. சொல்லும்போதும் தனியாகச் சொல்லி, மரபணுவைத் தாங்கியிருப்பவர் நோயாளி இல்லை என்று விளக்க வேண்டும். தாய் தந்தை இருவருமே தாங்குபவர்களாக இருந்தால்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதை அரைகுறையாகச் சொன்னால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சே நின்றுபோகும்.

கடைசியாக ஒன்று. சீனியர் நோயாளியை அவமதித்தபோது "நீ ஏன் தட்டிக் கேக்கலை?" என்று பயிற்சி மருத்துவரான ஹவுஸ் சர்ஜனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவருடைய பயிற்சி முடிந்ததற்குக் கையெழுத்துப் போடப்போகிறவர் அந்தச் சீனியர்தான். இளையவரால் செய்ய முடிவதைக் கற்றுக்கொடுங்கள்: ரவுண்ட்ஸ் நகர்ந்ததும் திரும்பி வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நான் நிதானமாச் சொல்றனுங்க ஐயா" என்று தொடங்கலாம். சீனியரிடம் பேசுவது நம் வேலை, அதை மாணவர் தலையில் கட்டக் கூடாது.

தேர்வில் சமநீதிக்கு வரையறை எழுதச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். மாணவர் பேசி முடித்ததும் நோயாளியின் பக்கத்தில் போய், "இந்த டாக்டர் என்னங்க சொன்னாங்க?" என்று கேட்கிறேன். எந்த மாத்திரை, எப்போது, எதற்கு என்று அவர் தன் வார்த்தையில் சொன்னால் மாணவருக்கு மதிப்பெண் உண்டு. "சரிங்க சாமி" என்று மட்டும் சொல்லித் தலையை ஆட்டினால், மாணவர் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.