கரிசல் மண்ணில் பைல் போடுகிறீர்களா?

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவரில் விரிசல்தான். அதற்காகத்தான் அண்டர்ரீம் பைல்: மண்ணுக்குள் குழி போட்டு வார்க்கும், அடியில் குமிழ் மாதிரி விரிந்த கான்கிரீட் தூண். 30 செ.மீ. தண்டுக்குக் குமிழ் பொதுவாக 75 செ.மீ. விட்டம்.

பலரும் கோட்டைவிடுவது மேலே. பைல்களின் தலைகளை இணைத்துச் சுவரைத் தாங்கும் கிரேடு பீமை மண்ணோடு ஒட்டி வார்த்துவிடுவார்கள். மண் உப்பும்போது பீமையே நெம்பித் தூக்கும். பைலுக்குச் செலவழித்த காசு வீண். பீமுக்கு அடியில் குறைந்தது 80 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

அப்புறம், குழி போட்ட அன்றே கான்கிரீட்டும் போட்டுவிடுங்கள். அதற்கு முன் நீங்களே டேப்பை விட்டு ஆழம் பாருங்கள். காலையில் 3.5 மீட்டர் இருந்த குழி சாயங்காலம் 3.2 காட்டினால், உள்ளே மண் சரிந்து கிடக்கிறது. அதை அள்ளாமல் கம்பிக்கூட்டை இறக்க விடாதீர்கள்.