மலையடிவாரத்தில் இருபது மீட்டர்: செங்கோட்டைப் பக்கமிருந்து தொலைதூரம் பேச

செங்கோட்டை, புளியரை, பண்பொழி வட்டாரத்தில் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பிறரோடு பேசும் வானொலி) அமைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மொட்டைமாடியிலிருந்து தெரியும் மலையைத்தான். செட்டின் வாட்ஸ் கணக்கெல்லாம் அப்புறம். இருபது மீட்டர் பட்டை எனப்படும் 14 மெகாஹெர்ட்ஸ் அலை, வானில் உயரே மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பித் திரும்பித்தான் ஐரோப்பா போய்ச் சேர்கிறது. எவ்வளவு தாழ்வாகக் கிளம்புகிறதோ, ஒரு தாவலில் அவ்வளவு தூரம் கடக்கும். 5 கிலோமீட்டர் தள்ளி 1,000 மீட்டர் உயர முகடு நின்றால் 11 டிகிரி வரை வானம் அடைபட்டுவிடும். அதே முகடு 15 கிலோமீட்டரில் இருந்தால் அடைபடுவது 4 டிகிரிக்கும் குறைவுதான். நண்பர் வீடோ தோப்போ மலையை விட்டுத் தள்ளி பாவூர்சத்திரம் பக்கம் இருந்தால் ஆண்டெனாவை அங்கே கட்டுவது, அடிவாரத்தில் இருந்துகொண்டு பவர் கூட்டுவதைவிட நல்லது.

அளப்பது எளிது. பள்ளிக்கூடப் பாகைமானியின் மையத்தில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பு வழியே முகட்டைப் பாருங்கள். நூல் 90-லிருந்து எத்தனை டிகிரி விலகுகிறதோ, அதுதான் மலையின் கோணம்.

அடுத்தது திசை. இங்கிருந்து லண்டன் ஏறக்குறைய 320 டிகிரி, ஆஸ்திரேலியாவின் பெர்த் 140 டிகிரி, டோக்கியோ 54 டிகிரி. லண்டனும் பெர்த்தும் நேர் எதிரெதிர்த் திசைகள் என்பது நமக்கு வாய்த்த நல்ல வசதி. டைபோல் கம்பியை (நடுவில் கேபிள் இணைத்து, இரு பக்கமும் சம நீளத்தில் நீளும் ஆண்டெனா) வடகிழக்கு–தென்மேற்காக இழுத்துக் கட்டினால் அதன் அகலப் பக்கம் இரண்டையும் பார்க்கும். வடமேற்கை மலை மறைத்தாலும் தென்கிழக்கு திறந்தே கிடக்கும். ஜப்பான் மட்டும் கம்பியின் முனைப் பக்கம் விழுவதால் வலு குறையும். அதுவும் வேண்டுமென்றால் நடுவை உயர்த்தி, இரு முனைகளையும் இறக்கித் தலைகீழ் வி ஆகக் கட்டுங்கள்.

1.5 சதுர மி.மீ. வீட்டு ஒயர் போதும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 14.150-க்கு 10.1 மீட்டர், பக்கத்துக்கு 5.05. பிளாஸ்டிக் உறை உள்ள ஒயரில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். ஆனாலும் பக்கத்துக்கு 5.30 மீட்டர் வெட்டி ஏற்றுங்கள். வெட்டியதை மறுபடி நீட்ட முடியாது. எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா ஏற்காமல் செட்டுக்குத் திரும்பும் சக்தியைக் காட்டும் அளவு) மிகக் குறைவாக இருக்கும் இடம் 13.3 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 5.30 × 13.3 ÷ 14.15 = 4.98. பக்கத்துக்கு 32 செ.மீ. குறைய வேண்டும். உடனே வெட்டாமல் 25 செ.மீ. மட்டும் மடித்துக் கட்டி அளந்து பாருங்கள். உயரம் மாறினாலும், ஓலை உரசினாலும் அளவு மாறும். அதனால் ஆண்டெனா நிற்கப்போகும் உயரத்திலேயே அளக்க வேண்டும்.

உயரம் 10 மீட்டர் வேண்டும். அந்த உயரத்தில் அலை ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தில்தான் அதிக வலுவோடு கிளம்பும். 5 மீட்டரில் கட்டினால் பெரும்பாலும் நேர் மேலே போய்விடும். தென்னை நல்ல தூண்தான், ஆனால் ஆடிக் காற்றில் ஆடும். ஒரு முனையைக் கப்பி வழியே விட்டு, கயிற்றின் நுனியில் இரண்டு செங்கல் கட்டித் தொங்கவிட்டால் மரம் அசையும்போது கம்பி அறுபடாது. ஈபி லைனுக்கு மேலேயோ கீழேயோ கம்பி போகவே கூடாது. அறுந்து விழுந்தாலும் லைனைத் தொடாத தூரம் இருக்க வேண்டும்.

நடுவில் கோஆக்ஸ் (செட்டிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும் கேபிள்) இணையும் இடத்துக்குக் கீழே, 4 அங்குல பிவிசி குழாயில் அதே கேபிளை 8 சுற்றுச் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் கேபிளின் வெளி உறையும் ஆண்டெனாவாகி, மைக் உதட்டில் சுடும், வீட்டு டிவி கத்தும். ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் ஓடினால் மூன்றில் ஒரு பங்கு சக்தி அதிலேயே போய்விடும். நீளம் அதிகம் தேவையென்றால் ஆர்ஜி-213 வாங்குங்கள். இணைப்பைச் சுய ஒட்டு ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். சாரல் மாதங்களில் தண்ணீர் கேபிளின் பின்னலுக்குள் இறங்கிவிட்டால் எஸ்டபிள்யூஆர் நன்றாகவே தெரியும், சிக்னல் மட்டும் போகாது. அந்தக் கேபிளைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

100 வாட் செட் 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கி, பேசும்போது குரல் உடையும். 6 சதுர மி.மீ. போடுங்கள். இரைச்சல் அதிகமிருந்தால் செட்டை பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயினை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள் எல்இடி பல்பிலோ, சார்ஜரிலோ, இன்வெர்ட்டரிலோ இருக்கிறது.

பேசுவதற்கு முன் 14.100 மெகாஹெர்ட்ஸில் காது கொடுங்கள். உலகெங்கும் 18 பீக்கன் நிலையங்கள் (பாதை திறந்திருக்கிறதா என்று அறிய, தானாகவே சிக்னல் அனுப்புபவை) ஆளுக்குப் பத்து வினாடி வீதம் மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கும். ஒவ்வொன்றும் மோர்ஸில் தன் அழைப்புக்குறியைச் சொல்லி, 100, 10, 1, 0.1 வாட் என நான்கு நீள ஒலிகள் தரும். இஸ்ரேலின் 4எக்ஸ்6டியூ-வில் மூன்றாவது ஒலியும் கேட்டால், அங்கிருந்து 1 வாட்டே வந்து சேருகிறது என்று பொருள். உடனே அதற்கு மேலுள்ள அலைவரிசைக்குப் போய் அழைக்கலாம். பெர்த்தின் விகே6ஆர்பிபி கேட்டு, பின்லாந்தின் ஓஹெச்2பி கேட்காவிட்டால் மலையையோ நேரத்தையோ சந்தேகியுங்கள். சில நிலையங்கள் அவ்வப்போது ஓய்ந்திருக்கும், அதனால் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். அந்த அலைவரிசையில் யாரும் பேசக்கூடாது.

ஐரோப்பாவுக்கு மாலை சூரியன் சாயும் நேரம் பொதுவாக நல்லது. இருட்டியபின் சிக்னல் படபடவென்று நடுங்கினால் செட்டைக் கழற்ற வேண்டாம். நாம் இருப்பது காந்த நடுக்கோட்டை ஒட்டி. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். சூரியன் மறைந்ததும் இங்கே அயனமண்டலத்தின் எஃப் அடுக்கு குமிழ் குமிழாகக் குலையும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இது அதிகம். அப்போது குரலை விட்டு மோர்ஸுக்கு மாறுங்கள், அல்லது ஓரிரு மணி நேரம் பொறுங்கள்.

டபிள்யூபிசி (மத்திய அரசின் வானொலி உரிமப் பிரிவு) உரிமம் கைக்கு வந்த பிறகே அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். இந்தப் பட்டையில் குரலுக்கு, செட்டில் அப்பர் சைட்பேண்ட் (யுஎஸ்பி) முறையை வையுங்கள். இடம் காலியா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, சிக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) மூன்று முறை, அழைப்புக்குறி இரண்டு முறை, பிறகு ஐந்து வினாடி மௌனம். எதிர்முனை "அப் ஃபைவ்" என்றால் அவர் 5 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கிறார். அவர் அலைவரிசையிலேயே கத்தினால் எல்லோருக்கும் இடைஞ்சல். பதிவேட்டில் யூடிசி நேரம் எழுதுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி குறைத்து.

சித்திரை, வைகாசி மாலைகளில் மலை மேல் இடி கூடும். முதல் மின்னல் கண்ணில் பட்டதுமே கோஆக்ஸைச் செட்டிலிருந்து கழற்றி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.