தேசியப் பூங்காவுக்கு ஆர்.வி.யில் குடும்பத்தோடு: முதலில் இடம், பிறகு வண்டி

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கு ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி) எடுத்துப் போக நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் வண்டியில்தான் ஆரம்பிக்கின்றன. எத்தனை பேர் படுக்கலாம், குளியலறை எப்படி இருக்கும் என்றெல்லாம் பார்த்து 30 அடி வண்டிக்கு முன்பணம் கட்டுகிறார்கள். அதன்பிறகு பூங்காவுக்குள் வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டைத் தேடினால் 24 அடி, 27 அடி இடங்கள் மட்டும்தான் மிச்சம் இருக்கின்றன. பூங்காக்களில் உள்ள பல கேம்ப்கிரவுண்டுகள் ஆர்.வி.கள் இவ்வளவு நீளமாவதற்கு முன்பே அமைந்தவை. அதனால் இடத்தை முதலில் பிடியுங்கள். அந்த இடத்தில் நிற்கக்கூடிய நீளத்தில் வண்டியைப் பிறகு பேசுங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 25 அடி கிளாஸ் சி (ஓட்டுநர் அறைக்கு மேலும் படுக்கை நீண்டிருக்கும் வகை) வண்டியே போதும். அந்த நீளத்துக்குள் இருந்தால் கிடைக்கும் இடங்களும் கணிசமாகக் கூடும்.

இடம் பிடிப்பது

பெரும்பாலான பூங்கா கேம்ப்கிரவுண்டுகளுக்கு முன்பதிவு ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில் நடக்கிறது. கிராண்ட் கேன்யனின் மேதர், சயனின் வாட்ச்மேன் போன்றவற்றுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே, நாளுக்கு ஒரு நாளாகப் பதிவு திறக்கும். யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் முறை வேறு. அங்கே ஐந்து மாதம் முன்னதாக, மாதத்தின் 15ஆம் தேதி பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு ஒரு மாதத்துக்கான இடங்கள் மொத்தமாகத் திறக்கும். கோடைக்கால வார இறுதி இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். முந்தைய நாளே கணக்கில் நுழைந்து கார்டு விவரங்களைச் சேமித்து, மூன்று நான்கு இட எண்களையாவது குறித்து வைத்திருங்கள்.

இட எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விவரங்களைப் பாருங்கள். ஒன்று, அங்கே அனுமதிக்கப்படும் அதிகபட்ச வாகன நீளம். மற்றொன்று, வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டுமா, நேராக நுழைந்து நேராக வெளியேறலாமா என்பது. முதல்முறை ஓட்டுபவர்களுக்கு நேராக நுழையும் இடம் கிடைத்தால் பெரும் நிம்மதி. பின்னால் சைக்கிள் மாட்டும் சட்டம் இருந்தால் அதையும் வண்டியின் நீளத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் கைவிட வேண்டாம். அதே தளத்தில் அறிவிப்பு வசதி உண்டு, யாராவது ரத்து செய்தால் மின்னஞ்சல் வரும். ரத்துக்கான கட்டணம் 10 டாலர்தான். ஆனால் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளோ அதே நாளோ ரத்து செய்தால் முதல் இரவுக் கட்டணமும் போய்விடும். அதனால் பலர் அதற்குச் சில நாட்கள் முன்பே இடத்தை விட்டுவிடுகிறார்கள். கவனித்துக்கொண்டே இருந்தால் அந்த வாரத்தில் நல்ல இடங்கள் அகப்படும்.

மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் இடத்திலேயே இருப்பதை முழு ஹூக்கப் என்பார்கள். பூங்காவுக்குள் இது அரிது. யோசெமிட்டிக்குள் எந்தக் கேம்ப்கிரவுண்டிலும் ஹூக்கப் கிடையாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கிலும், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜிலும், கிராண்ட் டீட்டனில் கோல்டர் பேயிலும் உண்டு. இவற்றை ஒப்பந்த நிறுவனங்கள் நடத்துவதால் முன்பதிவும் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில்தான். வாட்ச்மேனில் மின் இணைப்பு மட்டும் உள்ள இடங்கள் இருக்கின்றன. மற்ற இடங்களில் எல்லாம் வண்டியில் எடுத்துப் போனதை வைத்துத்தான் வாழ வேண்டும்.

நுழைவுக் கட்டணம் பெரிய பூங்காக்களில் ஒரு வாகனத்துக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அமெரிக்காவில் வசிப்பவர்கள் வருடத்தில் மூன்று பூங்கா போவதாக இருந்தால் வருடாந்திர பாஸ் லாபம். 2026 முதல் அவர்களுக்கு அது 80 டாலர், மற்றவர்களுக்கு 250 டாலர். அரசு அளித்த படம் போட்ட அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு 62 வயது தாண்டியிருந்தாலும் மூத்தோர் பாஸ் கிடைக்காது. அது குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும் மட்டுமே.

வண்டி போகாத சாலைகள்

கேம்ப்கிரவுண்டுக்குள் நிற்கும் வண்டி பூங்காவின் எல்லாச் சாலைகளிலும் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். கிளேசியரில் கோயிங் டு தி சன் சாலையின் மலைப்பகுதியில், அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்டுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே, 21 அடிக்கு மேல் நீளமோ கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. சயனில் மவுண்ட் கார்மல் சுரங்கப் பாதை 1930இல் திறந்தது. முன்பெல்லாம் பெரிய வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு எதிர்ப் போக்குவரத்தை நிறுத்தி அவற்றை உள்ளே விடுவார்கள். 2026 ஜூன் 7 முதல் 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டும் வண்டிகள் அந்தச் சாலையில் போகவே முடியாது. வாடகைக்குக் கிடைக்கும் கிளாஸ் சி வண்டிகளில் பெரும்பாலானவை 8 அடிக்கு மேல் அகலம் என்பதால் பிரைஸ் கேன்யன் பக்கமிருந்து வருபவர்கள் சுற்றித்தான் சயனுக்கு வர வேண்டும். செக்வோயாவில் ஜெனரல்ஸ் நெடுஞ்சாலையின் பாட்விஷா – ஜயன்ட் ஃபாரஸ்ட் பகுதிக்கு 22 அடிக்கு மேற்பட்ட வண்டிகள் வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது. அங்கே கிங்ஸ் கேன்யன் பக்கமாக 180ஆம் நெடுஞ்சாலை வழியே நுழையுங்கள். சாதாரண ஜி.பி.எஸ். இந்த எதையும் சொல்லாது.

வண்டியைக் கேம்ப்கிரவுண்டிலேயே நிறுத்திவிட்டு ஷட்டிலில் (பூங்காப் பேருந்தில்) சுற்றுவது எல்லா வகையிலும் நல்லது. சயன் கேன்யன், யோசெமிட்டி பள்ளத்தாக்கு, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு மூன்றிலும் இலவச ஷட்டில் ஓடுகிறது. ஆர்.வி.யோடு காட்சி முனைகளில் நிறுத்த இடம் தேடினால் பாதி நாள் அதிலேயே போய்விடும்.

மின்சாரம்

ஹூக்கப் உள்ள இடத்தில் 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும். மைக்ரோவேவும் மின் கெட்டிலும் தலைக்கு அவ்வளவு. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். ஏ.சி. ஓடும்போது இன்னொரு சூடாக்கும் கருவியை மட்டும் போடுங்கள்.

ஹூக்கப் இல்லாத இடத்தில் விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி ஆகியவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். பெரும்பாலான வாடகை வண்டிகளில் சுவர் பிளக்கும் மைக்ரோவேவும் ஜெனரேட்டர் போட்டால்தான் வேலை செய்யும். ஜெனரேட்டருக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மட்டும். வாட்ச்மேனில் ஜெனரேட்டரே கூடாது.

குளிர் இரவில் வழக்கமாக நடக்கும் கோளாறு இது: ஹீட்டர் எரிவது புரொப்பேனில் என்றாலும் அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. ஓடும் நேரமெல்லாம் 7, 8 ஆம்ப் இழுக்கும். 100 ஆம்ப்-ஹவர் ஈய அமிலப் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். ஹீட்டர் இரவில் பாதி நேரம் ஓடினாலே 30 ஆம்ப்-ஹவர் காலி. மாலையில் விளக்கு, பம்ப், போன் சார்ஜ் என்று இன்னும் கொஞ்சம் போயிருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு விசிறி நிற்கும், வண்டி குளிர்ந்துவிடும். பேட்டரி மிகவும் இறங்கிவிட்டால் ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆகாது, ஏனென்றால் அதை எழுப்புவதும் அதே பேட்டரிதான். இதற்கு வழி, மாலையில் அனுமதிக்கப்பட்ட இரண்டு மணி நேரமும் ஜெனரேட்டரை ஓட்டிப் பேட்டரியை ஏற்றுவது, தெர்மோஸ்டாட்டை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கி ஆளுக்கொரு கூடுதல் போர்வை கொடுப்பது. வண்டியின் பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். பூங்காவுக்குள் நுழையும் முன் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் கழிவும்

பயணம் எத்தனை நாள் சுகமாக ஓடும் என்பதை இந்த மூன்று டேங்குகள்தான் முடிவு செய்கின்றன. நல்ல தண்ணீர் டேங்க் 25 அடி வண்டியில் 30 முதல் 40 கேலன் கொள்ளும். சிங்க், ஷவர் தண்ணீர் கிரே டேங்குக்குப் போகும். கழிப்பறைக் கழிவு பிளாக் டேங்குக்கு. பெரும்பாலும் முதலில் நிரம்புவது கிரே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பை நனைத்ததும் குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசினால்கூட ஒருவருக்கு 3, 4 கேலன் ஆகும். நான்கு பேருக்கு 15 கேலன். பாத்திரம் கழுவ இன்னும் 5. இரண்டாம் நாள் முடிவதற்குள் டேங்க் நிரம்பி ஷவரின் தரையில் அழுக்குத் தண்ணீர் ஏறி நிற்கும். ஆகவே கேம்ப்கிரவுண்டின் கழிப்பறையைப் பகலில் பயன்படுத்துங்கள். கட்டணக் குளியல் வசதி இருந்தால் (யோசெமிட்டியின் கறி வில்லேஜிலும் மேதர் அருகிலும் உண்டு) அங்கே குளியுங்கள்.

சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவும் முன் பேப்பர் டவலால் வழித்துக் குப்பையில் போடுங்கள். எண்ணெய், சோற்றுக் கஞ்சி, பருப்பு இவையெல்லாம் கிரே டேங்கின் அடியில் படிந்து இரண்டே நாளில் நாறும். சிங்க் துளையில் மெல்லிய கம்பி வலை வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தாளிக்கும்போது கூரைத் துவாரத்தையும் ஒரு ஜன்னலையும் திறந்து வையுங்கள், புகை அலாரம் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். தரை அருகே உள்ள எரிவாயு அலாரம் அடித்தால் மட்டும் அதைப் புகை என்று ஒதுக்காதீர்கள். அடுப்பை அணைத்து, எல்லாரையும் வெளியே அனுப்பி, சிலிண்டரை மூடுங்கள்.

பிளாக் டேங்குக்குள் ஆர்.வி.க்கான டாய்லெட் பேப்பர் மட்டுமே போகலாம். பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஈரத் துடைப்பான் கூடாது, அது கரையாமல் வால்வில் சிக்கும். முழு ஹூக்கப் இடத்தில் பலர் கழிவுக் குழாயை மாட்டியவுடன் பிளாக் வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். நீர் வடிந்துவிடும், திடக்கழிவு அடியில் குவிந்து இறுகும், பிறகு எதற்கும் அசையாது. வால்வை மூடியே வைத்து, டேங்க் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். வேகம் இருந்தால்தான் கழிவு முழுதாக வெளியேறும். சுவரிலுள்ள அளவு விளக்குகளை அப்படியே நம்பாதீர்கள். சென்சாரில் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலி டேங்கும் பாதி என்றே காட்டும்.

கழிவு டேங்குகளைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனில் வரிசை இதுதான்:

1. ரப்பர் கையுறை போடுங்கள். கழிவு வாய் வழக்கமாக ஓட்டுநர் பக்கம் இருக்கும். அது தரைத் துளைக்கு அருகே வரும்படி வண்டியை நிறுத்துங்கள்.
2. இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதை உறுதி செய்த பிறகே மூடியைக் கழற்றுங்கள்.
3. ஹோஸை வண்டியில் திருகி மாட்டுங்கள். இன்னொரு முனையைத் துளைக்குள் விட்டு, துள்ளி வெளியே வராமல் மேலே ஒரு கல் வையுங்கள்.
4. முதலில் பிளாக் வால்வு. சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருந்து மூடுங்கள்.
5. அடுத்து கிரே. அந்தச் சோப்புத் தண்ணீரே ஹோஸைக் கழுவிவிடும். மூடுங்கள்.
6. ஹோஸை வண்டிப் பக்கமிருந்து தூக்கி வடியவிட்டுக் கழற்றுங்கள். அலசி, மூடியைத் திருகுங்கள்.
7. கழிப்பறை வழியாக 2, 3 கேலன் தண்ணீரும் ஒரு பொட்டலம் டேங்க் மருந்தும் ஊற்றுங்கள். வறண்ட டேங்கில் கழிவு ஒட்டிக்கொள்ளும்.

டம்ப் துளைக்குப் பக்கத்தில் உள்ள குழாய் கழுவுவதற்கு மட்டும். குடிநீர்க் குழாய் தனியாக, எழுத்துப் பலகையோடு இருக்கும். குடிநீருக்கென்று வெள்ளை ஹோஸ் வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கழிவு ஹோஸோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். ஹூக்கப் தண்ணீரில் இணைக்கும்போது அழுத்தத்தை 40 முதல் 50 பி.எஸ்.ஐ.க்குக் குறைக்கும் கருவி அவசியம். சில இடங்களில் குழாய் அழுத்தம் வண்டிக்குள் உள்ள பிளாஸ்டிக் இணைப்புகளைப் பிய்த்துவிடும்.

ஓட்டுவதும் நிறுத்துவதும்

வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். கிளாஸ் சி சுமார் 12 அடி. துரித உணவகங்களின் டிரைவ் த்ரூ கூரைகள் அதைவிடத் தாழ்வு, கூரைச் சேதத்தை வாடகைக் காப்பீடு பல நேரம் ஏற்காது. பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீண்டிருப்பதால் இடது பக்கம் ஒடித்தால் வால் வலது பக்கம் ஓரடிக்கு மேல் வீசும். பெட்ரோல் பம்பிலிருந்து கிளம்பும்போது சில அடி நேராக முன்னே வந்த பிறகே திருப்புங்கள். மலை இறக்கத்தில் கியரைத் தாழ்வாகவே வைக்கும் டோ ஹால் (Tow/Haul) பொத்தானை அழுத்திக் குறைந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

குழந்தை இருக்கை விஷயத்தில் சமரசம் வேண்டாம். முன்னோக்கிய, பெல்ட் உள்ள இருக்கையில் மட்டுமே மாட்ட வேண்டும். பக்கவாட்டு சோபாவும் பின்னோக்கிய டைனிங் பெஞ்சும் கூடாது. வாடகைக்குப் பேசும்போதே எத்தனை முன்னோக்கிய இருக்கைகள், மேல் பட்டை மாட்டும் கொக்கி உண்டா என்று கேளுங்கள். ஓடும் வண்டியில் யாரும் படுக்கையில் இருக்கக் கூடாது.

இருட்டும் முன் சேர்ந்துவிடுங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்கட்டும். அவர் கண்ணாடியில் மறைந்த நொடியே நிறுத்த வேண்டும். நின்ற பிறகு, தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் மட்டப்பலகை வைத்து வண்டியைச் சமன் செய்யுங்கள். புரொப்பேனில் ஓடும் ஃப்ரிட்ஜ் சாய்வாக நின்றால் குளிராது. அது குளிரவே எட்டு மணி நேரம் பிடிக்கும், அதனால் சாமான்களை ஏற்கெனவே குளிர்ந்த நிலையில் ஏற்றுங்கள்.

கரடி நடமாடும் பூங்காவில் உணவு, பற்பசை, குப்பை எதையும் வெளி மேசையில் விட்டுப் போகாதீர்கள். ஆளில்லாத நேரத்தில் ஜன்னல், கதவு, கூரைத் துவாரம் எல்லாம் மூடியிருக்கட்டும். யெல்லோஸ்டோனில் கரடி, ஓநாய், மலைச் சிங்கத்துக்கு 100 கஜம், மற்ற விலங்குகளுக்கு 25 கஜம் தள்ளி நிற்பது சட்டம். வெயிலுக்கு விரித்த துணிப்பந்தலை வெளியே கிளம்பும்போதும் தூங்கும் முன்பும் சுருட்டிவிடுங்கள், ஒரு காற்று போதும் அதை முறிக்க.

வண்டியைத் திருப்பித் தரும் நாளில் டம்ப் செய்து, பெட்ரோலையும் புரொப்பேனையும் வாங்கியபோது இருந்த அளவுக்கு நிரப்புங்கள். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் நான்கு பக்கமும் கூரையும் ஓடோமீட்டரும் ஜெனரேட்டர் மணி மீட்டரும் தெரியும்படி படம் எடுத்து வைத்தால் கணக்கில் தகராறு வராது.