பீன்ஸ் கறிக்கு ஒரு டீஸ்பூன் புரூவர்ஸ் ஈஸ்ட்

புரட்டாசியில் பன்னி சௌவுக்கு (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து உணவு) வைக்கிற பீன்ஸ் கறி சப்பென்று இருந்தால் இன்னும் உப்பைக் கொட்டாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, நாலு பேருக்கான சட்டிக்கு ஒரு டீஸ்பூன் புரூவர்ஸ் ஈஸ்ட் தூளைக் கொஞ்சம் சூடான குழம்பில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள், டர்பன் மசாலாவின் காரத்துக்கு அடியில் இறைச்சிச் சாறு மாதிரி ஒரு கனம் வந்து உட்காரும்.

பீர் காய்ச்சப் பயன்படும் ஈஸ்டைக் காயவைத்து அரைத்த தூள்தான் இது. அதிலுள்ள குளுட்டமிக் அமிலம்தான் அந்த ருசியைத் தருகிறது (ரொட்டியில் தடவும் மார்மைட்டும் இதே குடும்பம்தான், ஆனால் அதில் உப்பு எக்கச்சக்கம்). கொதிக்கக் கொதிக்க பி1 வைட்டமின் குறையும், அதனால்தான் கடைசியில் சேர்க்கச் சொல்கிறேன்.

ரெண்டு டீஸ்பூனுக்கு மேல் போனால் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு தலைதூக்கும். மாவு பொங்க இது உதவாது, செத்த ஈஸ்ட், ரொட்டிக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட்தான் வேண்டும். சைவக்காரர்கள் பி12க்கு இதை நம்ப வேண்டாம், இயல்பாக இதில் அது கிடையாது. அப்புறம், கவுட் என்னும் மூட்டு வீக்க நோய் உள்ளவர்களும், கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களும், மனச்சோர்வுக்கு எம்ஏஓஐ வகை மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.